வட்டமிடும் முறை

மின்விசிறி பார்க்க வந்த கலியவரதன்
ஏணியின் ஐந்தாம் படியில் நின்றபடி
சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கேட்டான்:
இது என்னா மேடம், கல்யாண மண்டபமா?

இல்லை. பாரீசில் ஒரு கூடம்.
பத்தொன்பது வருடம் அங்கே எனக்கு வேலை:
சீட்டு கொடுப்பது,
பெட்டி காலி என்று கவிழ்த்துக் காட்டுவது,
பூட்டுவது,
எல்லாரும் போனபின் தண்ணீர்க் கோப்பைகளை எடுப்பது.
குருசுக்குப்பத்துக்காரி ஒருத்தி
உலகத்துக்குப் பெட்டி கவிழ்த்தாள் என்று
யாரும் எழுதப்போவதில்லை.
ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது.

யாரு நின்னாங்க?
நாடுகள்.
நாடுங்களா?

எந்தக் கோயில், எந்தக் காடு,
இடிந்துகிடக்கும் எந்தக் கோட்டை
மனிதர் எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்ல
ஒரு குழு உண்டு, கலியவரதா.
நாற்காலி இருபத்தொன்று.
கையெழுத்துப் போட்ட நாடுகள்
நூற்றுத் தொண்ணூறுக்கு மேல்.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
சில நாற்காலிகள் காலியாகும்.
சந்தா பாக்கி வைத்த நாடு நிற்க முடியாது.

எங்க சங்கத்துலயும் அதான் ரூலு, என்றான்.

பதவி ஆறு வருடம்.
ஆனால் நான்கிலேயே எழுந்துகொள்வது மரியாதை.

இதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு
விசிறியின் கிண்ணத்தை இறக்கினான்.
பதினைந்து வருட ஒட்டடை என் தலையில்.

பெயர் கூப்பிடுவார்கள்.
நாடு எழுந்து நடந்து வரும்.
மூட்டுவலி உள்ள நாடு, கைபேசியில் பேசிக்கொண்டே வரும் நாடு,
ஈரக் குடையோடு தனியாளாய் வந்த ஒரு குட்டித் தீவு.
எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே மடிப்பு.
வேண்டிய பெயரைச் சுற்றி வட்டம்.
காலியிடத்தைவிட ஒரு வட்டம் கூடினாலும் செல்லாது.

ஓட்டுக்கு எவ்ளோ தருவாங்க?

சிரித்துவிட்டேன்.
ரூபாய் கிடையாது. வராந்தாவில் காபி,
பிரிக்கப் பிரிக்கத் தாளாய் வரும் சாக்லேட்,
தோளில் ஒரு கை:
இங்கே நீ எனக்குப் போடு,
அடுத்த மாதம் வேறிடத்தில் நான் உனக்கு.

அதான பாத்தேன், என்று
உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கழற்றினான்.

சமமாய் விழுந்தால் தலைவர் குலுக்கி எடுப்பார்.
ஒரு மலையை யார் காப்பது என்பது
அப்படியும் முடிவாகும்.
ஒரு வருடம் ஒரு சீட்டில்
எல்லா நாட்டுக்கும் வட்டம் போட்டிருந்தது.
செல்லாது என்று ஒதுக்கினோம்.
யார் போட்டது? ரகசியம்.
களைத்துப்போன ஆளோ,
பேனா எழுதுகிறதா என்று பார்த்தவரோ.
அன்றிரவு மெத்ரோ ரயிலில்
அந்தச் சீட்டு மட்டும்தான் நினைவில் இருந்தது.

நம்ம ஊரு அந்த லிஸ்ட்டுல இருக்கா?
இல்லை.
அப்ப இந்த வீட்டுல கொக்கி அடிக்கக் கூடாதுன்னு
ஆபீசருங்க சொன்னது?
அது வேறு குழு.

கிண்ணத்தைத் துணியால் துடைத்தபடி
அவன் பாட்டுக்குச் சொன்னான்:
எனக்குக் கீழூர் மேடம். எங்க ஊருலயும் நடந்துச்சு.
எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி.
நாட்டுக்கு ஓட்டு இல்ல,
எந்த நாடுன்னே ஓட்டு.
நூத்தி எழுவத்தெட்டு பேரு கூடி,
நூத்தி எழுவது பேரு இந்தியான்னாங்க.

எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள், என்றேன்.

யாரு அந்த எட்டு?

அலமாரியில் என் சிவப்புக் கடவுச்சீட்டு இருந்தது.
பதினோராம் பக்கம் வரை முத்திரைகள்.
தெரியாது, என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.
ஆனால் கேட்டபோது
பெட்டியைக் கவிழ்த்துக் காட்டும் வேகத்தில்
என் கை எழும்பியது.

சுவிட்ச் போடுங்க.
போட்டேன்.
ஒரு சுற்று யோசித்தது விசிறி. பிறகு சுற்றியது.

முந்நூத்தி அம்பது மேடம்.
கெப்பாசிட்டர் தனி.